ஒரு ஸ்பூன்தானே!

ஒயினை எப்படிக் குடிக்க வேண்டும் தெரியுமா உங்களுக்கு?

முதலில் குடிக்கவே கூடாது. கிளாஸைச் சாய்த்து நிறம் பார்க்க வேண்டும். லேசாகச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்க்க வேண்டும். பிறகு ஒரே ஒரு வாய். அதையும் விழுங்காமல் நாக்கு முழுக்க உருட்டி, பக்கத்தில் வைத்திருக்கும் பாத்திரத்தில் துப்பிவிட வேண்டும். இதற்குப் பெயர் ஒயின் டேஸ்டிங். நாசிக் பக்கம் திராட்சைத் தோட்டங்களில் காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறார்கள்.

‘காசு கொடுத்து வாங்கினதைத் துப்புறதா?’ என்று உங்களுக்குத் தோன்றினால், நீங்கள் நம்ம ஆள். எனக்கும் அதுதான் தோன்றியது.

இந்த யோசனையை எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டவன் டேலி. நாங்கள் நாலு பேர். தொண்ணூறுகளின் கடைசியில் மதுரையில் ஒன்றாக பி.காம். படித்தவர்கள். நிஜப் பெயர்கள் வேண்டாம், கிளாஸில் வைத்த பட்டப்பெயர்களே போதும்.

எவ்வளவு சிக்கலான கணக்கைக் கொடுத்தாலும் இரண்டு பக்கத்தையும் டேலி ஆக்கிவிடுவான் என்பதால் அவன் டேலி. இப்போது கோயம்புத்தூரில் ஆடிட்டர். பஞ்சு, ராஜபாளையத்துக்காரன். பஞ்சாலை ஊரிலிருந்து வந்ததால் அந்தப் பெயர். பக்கத்தில் சத்திரப்பட்டியில் தறி போட்டு பேண்டேஜ் துணி நெய்கிறான். அந்த ஊரில் பெரும்பாலான தறிகள் ஓடுவது ஆஸ்பத்திரிகளுக்காகத்தான். “எவனுக்கு எங்கே அடிபட்டாலும் எனக்கு ரெண்டு பைசா வரும்டா” என்பான்.

நான்காவது ஆள் சஸ்பென்ஸ்.

காமர்ஸ் படிக்காதவர்களுக்காக ஒரு நிமிடம். கணக்கில் பற்றும் வரவும் சமமாக வர வேண்டும். வராவிட்டால் எங்கேயோ தப்பு. தப்பு எங்கே என்று தெரியும் வரை அந்த வித்தியாசத்தை ஒரு தனிக் கணக்கில் போட்டு வைப்பார்கள். அதுதான் சஸ்பென்ஸ் அக்கவுண்ட். தப்பைக் கண்டுபிடித்ததும் அதை மூடிவிட வேண்டும். நம்ம ஆள் கண்டுபிடிக்கவே மாட்டான். எல்லா மிச்சத்தையும் தூக்கி சஸ்பென்ஸில் போட்டுவிட்டு கேன்டீனுக்குப் போய்விடுவான்.

நாசிக் யோசனைக்குப் பஞ்சு கட்டைவிரலைத் தூக்கினான். நானும் தூக்கினேன். கொஞ்ச நேரம் கழித்து சஸ்பென்ஸ் எழுதினான். “நான் வரலைடா. நீங்க போய்ட்டு வாங்க.”

அதற்குப் பிறகு குரூப்பில் ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை. அவன் குடியை விட்டு அப்போது பதினாலு மாதம் ஆகியிருந்தது. எங்கள் மூன்று பேருக்கும் அது நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் கட்டைவிரலைத் தூக்கியிருந்தோம்.

கடைசியில் பஞ்சுதான் காப்பாற்றினான். “நாசிக்கு எதுக்குடா? எங்க ஊருக்கு வாங்க. சப்பட்டை மாம்பழ சீசன். டேஸ்டிங்தானே வேணும்? நான் வெக்கிறேன் டேஸ்டிங்!”

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி முடித்த இந்த இருபத்தைந்து வருடங்களில் நாங்கள் நாலு பேரும் பாட்டில் இல்லாமல் ஒன்றாக உட்கார்ந்ததே இல்லை. கல்யாணம், காதுகுத்து, வேலை கிடைத்தது, வேலை போனது... எல்லாவற்றுக்கும் ஒரே இடம். எங்கள் காலத்தில் அதன் பெயர் ஒயின்ஷாப். அந்தக் கடையில் யாராவது ஒயின் வாங்கி நான் பார்த்ததில்லை. 2003 நவம்பரில் தனியார் கடைகளை எடுத்துவிட்டு டாஸ்மாக்கே சில்லறை விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனாலும் ஜனங்கள் வாயில் இன்னும் ஒயின்ஷாப்தான். ‘மீட் பண்ணலாம்டா’ என்று ஒருவன் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்கள் வீட்டுக்காரம்மாவுக்கே தெரியும்.

அப்படிப்பட்ட நாங்கள் ஒரு முழுப் பகலை வெறும் வாயோடு கழிக்கக் கிளம்பினோம்.

வைகாசி கடைசி. நானும் சஸ்பென்ஸும் எழும்பூரில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி விடிகாலையில் ராஜபாளையத்தில் இறங்கினோம். டேலி கோயம்புத்தூரிலிருந்து காரில் முதல் நாளே வந்திருந்தான். பஞ்சு வீட்டு வாசலில் எங்களை வரவேற்றது அவனுடைய நாய். சுத்த ராஜபாளையம். பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. 2005-ல் அஞ்சல் துறை இந்த நாய்க்குத் தபால்தலையே வெளியிட்டிருக்கிறது. அந்த கௌரவம் அதற்கும் தெரியும்போல... எங்களைப் பார்த்த பார்வையில் மரியாதையே இல்லை.

காபி குடித்துவிட்டு டேலியின் காரில் அய்யனார் கோயில் பக்கம் புறப்பட்டோம். ஊருக்குள் காந்தி கலை மன்றத்தைக் கடக்கும்போது பஞ்சு கைடு ஆகிவிட்டான். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ்.குமாரசுவாமி ராஜா இந்த ஊர்க்காரர். தன் வீட்டையே இந்த மன்றத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனவர். “அவர் ஆட்சியில மெட்ராஸ் ஸ்டேட் முழுக்க மதுவிலக்குடா. 1948-லயே வந்திருச்சு. அவர் காலத்துல ஒரு சொட்டு கிடைக்காது.”

“ஊரே நமக்கு எதிரா இருக்கேடா...” என்றான் டேலி.

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஓரக்கண்ணால் சஸ்பென்ஸைப் பார்த்தோம். அவன் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

முடங்கியாறு ரோட்டில் ஒரு மரத்தடியில் பதநீர் விற்றுக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். நான்தான் வண்டியை நிறுத்தச் சொன்னேன். பனை ஓலையை மடித்துப் பட்டை பிடித்து, நுங்கைச் சீவிப் போட்டு ஊற்றித் தந்தார். நான் முதல் பட்டையை வாங்கி யோசிக்காமல் சஸ்பென்ஸிடம் நீட்டினேன்.

அவன் வாங்கினான். குடிக்கவில்லை.

“அண்ணாச்சி, சுண்ணாம்பு போட்டதுதானே?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதநீருக்கும் கள்ளுக்கும் பனை ஒன்றுதான், பாளை ஒன்றுதான். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது பதநீர். தடவாமல் கட்டினால் அதே சாறு புளித்துக் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. ஆனால் வெயில் ஏற ஏற, நல்ல பதநீரும் கொஞ்சம் புளிப்புத் தட்டும்.

பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ன தம்பி இப்பிடிக் கேட்டுப்புட்டீக? தடவாம ஏத்துவமா? மோந்து பாருங்க!”

சஸ்பென்ஸ் மோந்து பார்த்தான். நிறம் பார்த்தான். மறுபடியும் மோந்து பார்த்தான். நாசிக்கில்கூட யாரும் அவ்வளவு கவனமாக மோந்திருக்க மாட்டார்கள். அப்புறம் ஒரு வாய் குடித்து, சற்று நின்று, மிச்சத்தையும் குடித்தான்.

“தப்பா நினைக்காதீங்க அண்ணாச்சி. எனக்கு ஆகாது, அதான்.”

பெரியவர் அவனை ஒரு நிமிஷம் ஏற இறங்கப் பார்த்தார். என்ன புரிந்ததோ, இரண்டாவது பட்டைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தைத் தாண்டினால் காடு. இந்த மலைத்தொடர் 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். 1988-லிருந்தே சாம்பல் நிற அணில் சரணாலயமாக இருந்த காடு இது. அணிலுக்கு ஒதுக்கிய காட்டில் புலிக்கும் இடம் கிடைத்திருக்கிறது. செக்போஸ்ட்டில் வனத்துறைக்காரர் காருக்குள் தலையை நீட்டினார்.

“பாட்டில் கீட்டில் ஏதும் இருக்கா சார்?”

“இல்ல சார்” என்றான் டேலி. ரொம்ப வேகமாகச் சொன்னான்.

எனக்குத் தெரியும். டிக்கியில், துண்டு சுற்றிய ஒரு பாட்டில் இருந்தது. முதல் நாள் ராத்திரியே போனில் சொல்லியிருந்தான். “நைட் அவன் தூங்கினப்புறம் நாம மூணு பேரும் லைட்டா...” நானும் ‘சரி’ என்றுதான் சொல்லியிருந்தேன்.

அய்யனார் கோயில் அருவியில் தண்ணீர் நூல் மாதிரி விழுந்துகொண்டிருந்தது. சாரல் இன்னும் பிடிக்கவில்லை. அதற்குக் கீழே நாலு நடுத்தர வயதுக்காரர்கள் தொப்பையோடு முறை வைத்துத் தலையைக் காட்டிய காட்சியை நீங்கள் பார்க்காததே நல்லது. குளித்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்தோம். அங்கேதான் பிரச்னை ஆரம்பித்தது.

பேச விஷயம் இல்லை!

பிள்ளைகள் படிப்பு, வீட்டு லோன், யாருக்கு என்ன மாத்திரை... இருபதே நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துவிட்டது. அப்புறம் அருவிச் சத்தம் மட்டும். ஒருவன் செல்போனை எடுத்தான், டவர் இல்லை. இன்னொருவன் கல்லைப் பொறுக்கித் தண்ணீரில் போட்டான். இருபத்தைந்து வருட நண்பர்கள் சார்! பஸ் ஸ்டாண்டில் பக்கத்து சீட்டுக்காரர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

பாட்டில் இருந்தால் மௌனம் தெரியாது. ஊற்றுவது, ஐஸ் போடுவது, சைடு டிஷ்ஷுக்குச் சண்டை போடுவது என்று கைக்கு வேலை இருக்கும். இரண்டாவது ரவுண்டில் பழைய கதை தானாகவே வரும். அதே கதைதான், வருஷா வருஷம். அதைத்தான் நாங்கள் நெருக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

“போரடிக்குதாடா?” என்று சஸ்பென்ஸ் கேட்டான்.

“சேச்சே” என்றோம், மூன்று பேரும் கோரஸாக.

“எனக்கும் முதல் மூணு மாசம் இப்பிடித்தான் இருந்துச்சு. சாயங்காலம் ஆறு மணி ஆனா கையை எங்கே வைக்கிறதுன்னே தெரியாது. பழகிரும்.”

திரும்பும் வழியில் ஒரு தோப்பில் மாம்பழம். பஞ்சு வாக்குக் கொடுத்த டேஸ்டிங்கின் முதல் கட்டம். சப்பட்டை, பஞ்சவர்ணம் என்று இந்த ஊருக்கே உரிய ரகங்களைக் கூறு போட்டு வைத்திருந்தார்கள். சப்பட்டை பெயருக்கு ஏற்ற மாதிரி தட்டையாக இருக்கும். அழகில்லை, ஆனால் தேன். தோப்புக்காரம்மா அரிவாள்மணையில் கீறிக் கீறித் தர, நாங்கள் நிறம், மணம், ருசி என்று பத்துக்கு மார்க் போட்டோம். முழங்கை வரை சாறு வழிய டேலி சொன்னான். “டேய், இதுல துப்புற பாத்திரம் மட்டும் கேக்காதீங்கடா!”

அப்போதுதான் முதல் தடவையாக நாலு பேரும் ஓரக்கண் பார்க்காமல் சிரித்தோம்.

மத்தியானம் பஞ்சு வீட்டில் சாப்பாடு, ஒரு தூக்கம். நாலு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கிளம்பினோம். பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஊர் வருவதற்கு முன்னாலேயே கோபுரம் வந்துவிடுகிறது. 11 நிலை, ஏறக்குறைய 192 அடி. நம்ம அரசாங்க முத்திரையில் இருக்கும் கோபுரம் இதுதான் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

“கோபுரத்தை முத்திரையில போட்ட அரசாங்கம்தான் கடையும் நடத்துது” என்றான் டேலி.

“கடையைக் குத்தம் சொல்லாதடா. அது என் வீடு தேடி வரல. நான்தான் தேடிப் போனேன்” என்றான் சஸ்பென்ஸ்.

ஆண்டாள் கதை உங்களுக்குத் தெரியும். பெரியாழ்வார் பெருமாளுக்காகக் கட்டி வைத்த மாலையை, அந்தப் பெண் தான் முதலில் சூடிப் பார்த்துவிட்டுக் கூடையில் வைத்துவிடுவாள். சூடிய மாலைதான் வேண்டும் என்று பெருமாளே சொல்லிவிட்டார். மாலை தனக்கு எப்படி இருக்கிறது என்று அவள் எட்டிப் பார்த்த கிணறு என்று கோயிலில் ஒன்றைக் காட்டுகிறார்கள். கண்ணாடிக் கிணறு என்று பெயர்.

அதன் பக்கத்தில் நின்றபோது சஸ்பென்ஸ் என் காதருகே சொன்னான். “ரெண்டு வருஷம் நான் கண்ணாடியே பாக்கலைடா. சலூன்ல கூட கண்ணை மூடிக்குவேன். முடி வெட்டுறவன் தூங்குறேன்னு நினைச்சுக்குவான்.”

பதில் சொல்லத் தெரியவில்லை. அவன் தோளில் கை போட்டுக்கொண்டு பிராகாரத்தைச் சுற்றி வந்தேன்.

வெளியே வந்தால் பால்கோவா. பஞ்சுவின் டேஸ்டிங்கில் இரண்டாம் கட்டம், மெயின் ஐட்டம். கோயிலைச் சுற்றித் தடுக்கி விழுந்தால் பால்கோவா கடைதான். எல்லாக் கடையும் தாங்கள்தான் ஒரிஜினல் என்கிறது. 2019-ல் இந்த ஊர்ப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கூட்டுறவு பால் உற்பத்தியாளர்கள் சங்கத்துக் கடையிலும் கூட்டம் நிற்கிறது.

ஒரு கடையின் பின்கட்டில் அடுப்பையும் பார்த்தோம். பெரிய இரும்புச் சட்டியில் பால் கொதிக்க, மாஸ்டர் துடுப்பு மாதிரி ஒரு கரண்டியால் விடாமல் கிண்டிக்கொண்டிருந்தார். பாலும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் கிடையாது. பத்து லிட்டர் பாலுக்கு ஒன்றேகால் கிலோ சர்க்கரை, மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் குறைய கோவா நிற்கும் என்றார் மாஸ்டர். மிச்சமெல்லாம் ஆவி. முந்திரிக்கொட்டை ஓடு போட்டு எரித்தால் தீ ஒரே சீராக நிற்குமாம்.

“கையை எடுத்தா அடி புடிச்சிரும் சார். போன் வந்தாக்கூட எடுக்க மாட்டேன்” என்றார். கரண்டி நிற்கவே இல்லை.

கடை கடையாக ஆரம்பித்தோம். முதல் கடையில் வெள்ளை வெளேரென்று, இளக்கமாக. இரண்டாவதில் லேசான காவி நிறம், நன்றாகச் சுண்டியது. மூன்றாவது கடையில் சட்டியிலிருந்து இறக்கிய சூட்டோடு கிடைத்தது, மணல் மணலாக, நெய் மினுங்க. வாழை இலைத் துண்டில் வைத்துத் தருவதை நிறம் பார்த்து, மோந்து பார்த்து, நாக்கில் உருட்டி...

இங்கே ஒன்றை மறைத்துவிட்டேன். எனக்கு சுகர். ஆறு வருடமாக. மூன்று மாதச் சராசரி என்று ஒரு டெஸ்ட் இருக்கிறதே, அதில் கடைசியாக 8.1 வந்து, டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். வீட்டில் எனக்கு இனிப்பு நூற்று நாற்பத்து நாலு. ஆனால் வீடு ஐநூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருந்தது.

நாலாவது கடையில் நான் இலையை நீட்டியபோது, சஸ்பென்ஸ் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

“போதும்டா உனக்கு.”

“ஒரு ஸ்பூன்தானே மாப்ள!”

அவன் சிரித்தான். “இந்த டயலாக்கை நான் எங்கேயோ கேட்டிருக்கேனே...”

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் எனக்கு அந்தக் கடை வாசலில் கால் நின்றுவிட்டது. ஏனென்றால் எங்கே கேட்டான் என்று எனக்குத் தெரியும். சொன்னவனே நான்தான்.

2016. பஞ்சு வீட்டுக் கிரகப்பிரவேசம். அப்போது சஸ்பென்ஸ் தானாகவே குடியை நிறுத்தி மூன்று மாதம் ஆகியிருந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. மொட்டை மாடியில் ஓரமாக உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தான். நான் போய் அவன் மோர் டம்ளரைப் பிடுங்கி வைத்துவிட்டு, ஒரு கிளாஸைக் கையில் திணித்தேன். “நம்ம பஞ்சு ஃபங்ஷன்ல கூடவாடா? ஒரு பெக்தானே மாப்ள!”

எல்லோரும் கை தட்டினார்கள். அவன் குடித்தான்.

அந்த ஒரு பெக் ஏழெட்டு வருஷம் ஓடியது. வேலை போனது. மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனார். நடுராத்திரி போன்கள் வந்தன, நாங்கள் எடுப்பதை நிறுத்தினோம். ‘அவன் திருந்த மாட்டான்டா’ என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். பேசியது பெரும்பாலும் ஏதாவது ஒரு பாரில் உட்கார்ந்துதான்!

அந்தக் கதையை நான் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டு வைத்திருந்தேன்.

பால்கோவா கடை எதிரே ஒரு திண்ணை இருந்தது. அவனை அங்கே உட்காரவைத்துச் சொன்னேன். “அன்னைக்கு மாடியில... நான்தான்டா ஊத்தினேன்.”

“தெரியும். அந்த கிளாஸ் கூட ஞாபகம் இருக்கு. ஓரத்துல பூப் போட்டது.”

“ஏன்டா இவ்வளவு நாள் கேக்கலை?”

“கேட்டா நீ என் பக்கமே வரமாட்டியோன்னு பயம்.” கொஞ்ச நேரம் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். “நீ ஊத்தலைன்னா வேற எவனாவது ஊத்தியிருப்பான். குடிச்சது நான்தானே? ஆனா நீ இப்ப சொன்னது நல்லது. நான் வந்து கேக்குற மாதிரி இல்லாம, நீயே சொன்ன பாரு...”

மேலே பேசவில்லை. நானும் பேசவில்லை. இந்த மௌனம் காலையில் பாறையில் இருந்த மௌனம் மாதிரி இல்லை.

சென்னையில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் குடிநோய்க்கென்றே ஒரு சிகிச்சை மையம் தொடங்கினார். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர் அவர். குடிப்பவருக்கு மட்டுமல்ல, அவர் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் அங்கே சிகிச்சை. குடி என்பது ஒழுக்கக்கேடு இல்லை, நோய் என்று டாக்டர்கள் சொல்லிச் சொல்லி நம் வீடுகளில் இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. குடும்பத்துக்கு சிகிச்சை இருக்கிறது. கிளாஸை நீட்டுகிற நண்பர்களுக்குத்தான் இன்னும் யாரும் வார்டு திறக்கவில்லை.

ராத்திரி பஞ்சு வீட்டு மொட்டை மாடியில் பாய் விரித்தோம். அதே மாடி. மேற்கே மலை கறுப்பாக நின்றது. அந்த மலைக்கு அந்தப்புறம் கம்பம் பள்ளத்தாக்கு. பன்னீர் திராட்சை விளைகிற பூமி, 2023-ல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. “திராட்சை அந்தப் பக்கம், பால்கோவா இந்தப் பக்கம். நாம சரியான பக்கம்தான் வந்திருக்கோம்” என்றான் பஞ்சு.

டேலி மட்டும் பேசாமல் இருந்தான். பிறகு எழுந்து கீழே போனான். திரும்பி வரும்போது கையில் அந்தத் துண்டு. பாய்க்கு நடுவில் வைத்துப் பிரித்தான்.

“கொண்டு வந்துட்டேன்டா. நீ தூங்கினதும் அடிக்கலாம்னு இருந்தோம். சாரி.”

“காலையிலயே தெரியும். டிக்கியில சத்தம் கேட்டுச்சு. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதாடா?” என்றான் சஸ்பென்ஸ். கோபமே இல்லை. “குடிக்கிறதா இருந்தா குடிங்க. நான் கீழே போய்ப் படுத்துக்குறேன். நெஜமாத்தான் சொல்றேன். ஆனா ஒளிச்சு மட்டும் வைக்காதீங்க. ஒளிச்சு வைக்கிறது என் வேலை. அலமாரி, பைக் டேங்க் கவர், பாப்பா ஸ்கூல் பேக்... நான் வைக்காத எடம் இல்லை. அதை எனக்காக நீங்க செய்யும்போது, இன்னும் நான் அங்கேயே இருக்குற மாதிரி இருக்கு.”

பாட்டிலை யாரும் சாக்கடையில் கவிழ்க்கவில்லை. அதெல்லாம் சினிமாவில். யாருக்கும் திறக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். டேலி மறுபடியும் துண்டைச் சுற்றி ஓரமாக வைத்தான். “ஓப்பனிங் ஸ்டாக் ஒண்ணு, குளோசிங் ஸ்டாக் ஒண்ணு” என்றான்.

அன்று ராத்திரி இரண்டு மணி வரை பேசினோம். பஞ்சுவுக்குப் போன வருஷம் தறிகளை விற்கிற நிலைமை வந்தது எங்களில் யாருக்கும் தெரியாது. டேலியின் மகன் அவனோடு பேசி ஏழு மாதம் ஆகிறது என்பதும் தெரியாது. இத்தனை வருஷம் எத்தனை ரவுண்டு போயிருப்போம், ஒரு ரவுண்டில்கூட இது வெளியே வரவில்லை.

மறுநாள் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது சஸ்பென்ஸ் பையில் அரை கிலோ பால்கோவா இருந்தது. மகளுக்கு. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அப்பாவைப் பார்க்க வருகிறாள். என் பையில் ஒன்றும் இல்லை. அவன் வாங்க விடவில்லை.

“ஒண்ணு பண்ணுவோம். தினம் காலையில நான் என் நம்பரை குரூப்ல போடுறேன், குடிக்காம எத்தனையாவது நாள்னு. நீ உன் சுகரைப் போடு. ஒரு நாள் விடக் கூடாது” என்றான்.

‘இதெல்லாம் எதுக்குடா’ என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

நீங்களும் இந்த வாரம் யாரோ ஒரு நண்பரைப் பார்க்கத்தான் போகிறீர்கள். கல்யாண வீட்டு மாடியில் ஒருவர் ஓரமாக உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருப்பார். அவர் எத்தனையாவது நாளில் இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. அந்த டம்ளரைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். முதல் இருபது நிமிடம் கஷ்டமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

இன்று காலை எங்கள் குரூப்பில் அவன் போட்டது 463. நான் போட்டது, வெறும் வயிற்றில், 126. கீழே டேலி ஒரு கட்டைவிரல் தூக்கியிருக்கிறான்.